மாவுவழிச்சிக்கு ஒரு கம்பெனி

ஜூன் 21, வெள்ளி

என் மகள் பிரதீபாவுக்குக் கல்லூரியில் ஜனவரியில் கொடுத்த டைரி இது. அவள் முதல் பக்கத்தில் பெயரை மட்டும் அழகாக எழுதிவிட்டு அலமாரியில் போட்டுவிட்டாள். ஆறு மாதத் தாள் வீணாய்ப் போனாலும் மீதி ஆறு மாதம் எனக்கு உதவட்டும். மதியம் ஒன்றரைக்குக் கடை சாத்தினால் நான்கு மணிவரை எனக்கு வேலை இல்லை. படுத்தால் தூக்கம் வருவதில்லை, எழுதியாவது பார்க்கலாம்.

என் பெயர் சாந்தாமணி. சௌரிபாளையத்தில் பதினோரு வருடமாக இட்லி மாவு அரைத்து விற்கிறேன். இரண்டு பெரிய கிரைண்டர், பத்து லிட்டர் பிடிப்பவை. மாவு அரைப்பதில் ஒரு கஷ்டமும் கிடையாது, அதைக் கல் பார்த்துக்கொள்ளும். அரைத்த மாவைக் குனிந்து கையால் வழித்து எடுப்பதுதான் உயிரை வாங்கும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை வழித்தால் மணிக்கட்டு நம்முடையதாகவே இருக்காது. அதற்காகத்தான் வழிச்சியைக் கண்டுபிடித்தேன். வளைந்த எவர்சில்வர் தகடு, ஓரத்தில் ரப்பர். கல்லைத் தூக்கிவிட்டு, நடுக் கம்பியில் இதை மாட்டிச் சுவிட்சைப் போட்டால், சட்டி சுற்றச் சுற்ற மாவு தகட்டின்மேல் ஏறி மூக்கு வழியாகத் தானே பாத்திரத்தில் விழும். கை வைக்கவே வேண்டாம். லேத் பட்டறை ஆறுக்குட்டியிடம் ஒன்பது தடவை வெட்டி ஒட்டிச் செய்து வாங்கினேன். பத்தாவதுதான் வேலை செய்தது.

லைசென்ஸ் என்றால் வண்டி ஓட்டுவதற்கு என்றுதான் நினைத்திருந்தேன். நம் பொருளைக் கம்பெனிக்காரர்கள் செய்து விற்றுக்கொண்டு, விற்கும் ஒவ்வொன்றுக்கும் நமக்கு ஒரு பங்கு தருவதற்கும் அதுதான் பெயராம். அடுத்த மாதம் அவினாசி ரோட்டில் சமையலறைச் சாதனக் கண்காட்சி. கிரைண்டர் கம்பெனிகள் எல்லாம் ஒரே கூரையின்கீழ் வரும். அங்கே ஒரு கம்பெனி கிடைத்துவிட்டால் வருடக் கடைசியில் கடையை மூடிவிடலாம்.

ஏன் மூட வேண்டும் என்று வீட்டில் கேட்டால் வயதாகிவிட்டது என்பேன். டாக்டர் சொன்னதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன் என்றுதான் சொன்னேன்.

ஜூன் 26, புதன்

ஆறுக்குட்டி கண்காட்சிக்குக் கொண்டுபோகப் புதிதாக ஒரு வழிச்சி செய்து தந்தார். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. "அக்கா, இத நீங்க பூஜைல வெச்சப்பவே எனக்குத் தெரியுமுங்க, இது எங்கியோ போவப்போவுதுன்னு" என்றார்.

போன ஆயுத பூஜையை நினைத்தால் இன்னும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இரண்டு கிரைண்டரையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வழிச்சிக்கும் ஒரு பொட்டு வைத்து, ஒரு முழம் பூச்சுற்றி, தெருவே நின்று பார்க்க ஓட்டிக் காட்டினேன். பொரி கடலைக்கு வந்தவர்கள்கூடப் பொரியை மறந்து பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் குழந்தைவேலு போனில் படம் பிடித்தார். கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு மட்டும் பார்க்கிறவர்களுக்கெல்லாம் விளக்கினார்.

காப்பி டம்ளர் ஒன்று கை தவறி விழுந்தது. அடிப்பக்கம் நசுங்கிவிட்டது.

ஜூலை 4, வியாழன்

பேட்டன்ட் ஏஜென்டிடம் போய் விண்ணப்பத்தின் நகல் வாங்கி வந்தேன். பிப்ரவரியில் போட்டது. இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கம்பெனிகளோடு பேச வேண்டும் என்று சொன்னார். நல்ல மனிதர், ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு எழுதினார். போடுவதற்கு முன்னால், "இதுக்கு முந்தி எங்கேயாவது பொதுவில காட்டியிருக்கீங்களாம்மா? கண்காட்சி, பேப்பர், டிவி?" என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றேன். இதுவரை எந்தக் கண்காட்சிக்குள்ளும் நான் கால் வைத்ததே இல்லையே.

பேனா சரியில்லை. எழுத்து கோணுகிறது.

ஜூலை 11, வியாழன்

நாளைக்குக் கண்காட்சி. பிரதீபா ஒரே ஒரு தாளில் வழிச்சியின் படமும் நான்கு வரியும் அச்சடித்துத் தந்தாள். எந்தச் சேலை கட்டுவது என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். பட்டு கட்டினால் கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி இருக்கும், பூனம் கட்டினால் மாவுக்காரி என்று தெரிந்துவிடும். கடைசியில் பழுப்புக் காட்டன்.

அவர் பேருந்தில் வரும் வாத்தியார்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறார் போல. "கணக்கு டீச்சர் உனக்கு வாழ்த்துச் சொன்னாங்க சாந்தா" என்கிறார். இன்னும் ஒன்றுமே நடக்கவில்லையே என்றால், "நடந்துரும்" என்கிறார்.

ஜூலை 12, வெள்ளி

மூன்று மண்டபம், எங்கு பார்த்தாலும் கிரைண்டர். ஸ்டால் ஸ்டாலாகப் போய்ப் பையைத் திறக்கப் போனேன். யாரும் திறக்க விடவில்லை. நான் வாங்க வந்தவள் என்று நினைத்து அவர்களே பேசிக்கொண்டு போனார்கள். ஒரு பையன் எனக்கே கிரைண்டரில் மாவு எப்படி அரைப்பது என்று சொல்லிக் கொடுத்தான். ஊறவைத்த உளுந்தில் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினான், எனக்குக் கை பரபரத்தது.

மாலை நான்கு மணிக்கு என் கையில் ஏழு கட்டைப்பை, மூன்று குலுக்கல் சீட்டு, ஒரு சாவிக்கொத்து. வழிச்சி பையைவிட்டு வெளியே வரவே இல்லை.

டீ விற்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் ஒருவர் தோள்பையிலிருந்து குக்கர் மூடி ஒன்றை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னையும் பையையும் பார்த்துவிட்டு, "நீங்களும் நம்ம சாதிதானா தங்கச்சி?" என்றார். நான் முறைத்தேன். "அய்யோ, அதச் சொல்லலம்மா. கண்டுபிடிப்புச் சாதி" என்று சிரித்தார். பெயர் ஏசுவடியான், நாசரேத்துக்காரர். குக்கர் விசிலை எண்ணி, சொன்ன எண்ணிக்கை வந்ததும் அடுப்பைத் தானே அணைக்கும் கருவி செய்திருக்கிறார். ஒன்பது வருடமாகக் கண்காட்சி கண்காட்சியாகச் சுற்றுகிறாராம்.

ஒன்பது வருடம் என்றதும் எனக்குத் திக்கென்றது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூலை 13, சனி

சனிக்கிழமை மாவு வியாபாரத்தை விட்டுவிட்டுப் போனது பதினோரு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

ஏசுவடியான் வாசலிலேயே காத்திருந்தார். நேற்று நான் செய்ததெல்லாம் தப்பு என்றார். "முன்னாடி நிக்கவன்லாம் விக்க வந்தவன் தங்கச்சி. அவன்ட்ட போயி ஒங்க பொருளக் காட்டி என்ன செய்ய? உள்ள மேசை போட்டு உக்காந்திருப்பாவ பாருங்க, அவுகதான் வேணும். புதுச் சாமான் முடிவு பண்ணுத ஆள் யாருன்னு கேளுங்க. வெளியாளு கொண்டாரதப் பாப்பீயளான்னு மொதல்ல கேளுங்க. பாக்க மாட்டோம்னா அடுத்த கடைக்குப் போயிருங்க, மல்லுக்கட்டாதீய."

பெரிய கம்பெனியை விட்டுவிட்டு நடுத்தரத்தைப் பிடிக்கச் சொன்னார். பெரியவனுக்கு நம்மிடம் ஆக வேண்டியது ஒன்றுமில்லை, நடுவில் இருப்பவன்தான் பெரியவனை முந்தப் புதிதாக ஏதாவது கிடைக்குமா என்று பார்ப்பான் என்றார். என்ன பொருள் என்று சொல்லாமல் என்ன தொல்லை தீரும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். கிடைக்கிற விசிட்டிங் கார்டின் பின்னால் அப்போதே குறிப்பு எழுத வேண்டும். இதையெல்லாம் அவர் வரிசையாகச் சொல்லும்போது, இவ்வளவு தெரிந்தவருக்கு ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று கேட்க வாய் வரை வந்தது. அவரே சொன்னார், "நம்மது பேட்டன்ட் சுத்தமா இருக்கு. பொருளுதான் யாருக்கும் வேண்டியிருக்கல. விசில எண்ணதுக்குத்தான் வீட்ல பொம்பள இருக்காளேன்னு ஒருத்தன் சொல்லிட்டான்."

மதியத்துக்குமேல் ஒரு நடுத்தரக் கம்பெனியின் உள்மேசை வரை போய்விட்டேன். அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, எழுதினால் கண்பட்டுவிடும். நிவேதிதா என்று ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், புதுப் பொருட்களுக்கு அவள்தான் பொறுப்பு. "பத்து லிட்டர் மாவைக் கை வைக்காம நாலு நிமிசத்துல வெளிய எடுக்கலாமுங்க" என்றேன். அவள் போனைக் கீழே வைத்தாள். "நாளைக்கு எங்க கிரைண்டர்லயே போட்டுக் காட்டுவீங்களா?" என்றாள்.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் உளுந்து ஊறப்போட்டு டப்பாவில் எடுத்துப் போனேன். அவர் பேருந்துக்கு லீவு, கூடவே வந்து டப்பாவைத் தூக்கினார். அவர்கள் ஸ்டாலிலேயே அரைத்தேன். பந்து பந்தாகப் பொங்கியது மாவு. கல்லைத் தூக்கிவிட்டு வழிச்சியை மாட்டினேன். சுற்றி நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். தகட்டில் ஏறி, மூக்கில் இறங்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் பாத்திரத்தில் விழுந்தது. சட்டியின் உள்பக்கம் கழுவி வைத்ததுபோல் இருந்தது. மூன்று நிமிடம் ஐம்பது விநாடி.

கம்பெனியின் எம்.டி.யே வந்துவிட்டார். விரலைச் சட்டியில் ஓட்டிப் பார்த்தார். "இத்தனை இன்ஜினியர் வெச்சிருக்கேன்" என்று நிவேதிதாவைப் பார்த்துச் சொன்னார். பேட்டன்ட் நகலைப் படித்துவிட்டு, பத்து நாளில் கடைக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் இவர் நடைபாதையிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஏசுவடியான் ஓடிவந்து, "ஒருத்தருக்காவது நடக்குதே தங்கச்சி, கண்ணால பாத்துட்டேன்" என்றார். அவர் பையில் குக்கர் மூடி அப்படியே இருந்தது. நம்பர் வாங்கிக்கொண்டார்.

ஜூலை 22, திங்கள்

நிவேதிதா கடைக்கு வந்தாள். கூட இரண்டு இன்ஜினியர் பையன்கள். அளவெடுத்தார்கள், படம் பிடித்தார்கள். வக்கீல் பார்த்தவுடன் ஒப்பந்தம் எழுதலாம், விற்பனையில் பங்கு, பெட்டியின்மேல் என் பெயரும் சிறிதாகப் போடலாம் என்றாள். ஆடி பிறந்துவிட்டதே என்றேன். "ஆவணியில போட்டுக்கலாம் மேடம், நாங்களும் ஆடியில கையெழுத்துப் போடமாட்டோம்" என்று சிரித்தாள்.

வந்துபோனதற்கு ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டாள். போட்டேன், பேனா கீழே விழுந்தது. மறுபடி எடுத்துக் கொடுத்தாள். "ரொம்ப சந்தோஷத்துல இருக்கீங்க" என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 27, சனி

பிரதீபாவுக்குப் பின்னல் போட என் கைக்கு வரவில்லை. இனிமேல் நீயே போட்டுக்கொள், கல்லூரிக்குப் போகிற பெண் என்று திட்டினேன். அவள் என் கையையே பார்த்தாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

கம்பெனிக்கு வரச் சொன்னார்கள். தனியாகத்தான் போனேன், இவருக்குப் பேருந்து.

நிவேதிதா தன் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். என் கடை. சந்தனம், குங்குமம், பூ. நான் சிரித்துக்கொண்டே வழிச்சியை மாட்டுகிறேன். பின்னால் இவருடைய குரல், "பாருங்க, கையே வெக்கல." கீழே தேதி, போன அக்டோபர் இருபத்து மூன்று. ஆயிரத்துச் சொச்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

"இது யூடியூப்ல இருக்கு மேடம். உங்க வீட்டுக்காரர் பேர்ல. எங்க வக்கீல் தேடினப்ப முதல்லயே வந்துருச்சு."

"அது பூஜையில வெச்சதுங்க" என்றேன். "ஆயுத பூஜைக்கு எல்லாரும் வெப்பாங்க. உங்க கம்பெனிலயும் மிசினுக்குப் பொட்டு வெப்பீங்கள்ல?"

"வெப்போம். ஆனா நீங்க பேட்டன்ட் போட்டது பிப்ரவரில. அதுக்கு நாலு மாசம் முன்னாடியே உலகமே பாக்குற மாதிரி காட்டிட்டீங்க. எப்படி வேலை செய்யுதுன்னு அதுல முழுசாத் தெரியுது. அப்புறம் அது புதுசு இல்லைன்னு ஆயிரும். யாராவது ஒருத்தர் இந்த வீடியோவக் காட்டினாப் போதும், பேட்டன்ட் நிக்காது."

சாமிக்கு முன்னால் வைத்ததைக் கண்காட்சி என்று எப்படிச் சொல்வது என்று கேட்டேன். ஏஜென்ட் கேட்டபோது எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை, பூஜைதானே அது என்றேன். அவள் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பிறகு சொன்னாள்.

"இதுக்கு மோல்டு போட, ஆள் வெக்க, பெரிய முதலீடு மேடம். நாங்க போட்ட மறுவாரம் பக்கத்துக் கம்பெனி இதையே போட்டா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. எம்.டி. வேண்டாம்னு சொல்லிட்டார்."

"அப்ப நீங்களும் என்னையக் கேக்காமயே செய்யலாமில்லைங்க?"

"செய்யலாம். செய்யப் போறதில்ல."

அவர்கள் திருடிச் செய்தால்கூட வழிச்சி எங்கேயாவது ஒரு வீட்டில் ஓடும். இது அதுவும் இல்லை. லிஃப்ட் வரை வந்து வழியனுப்பினாள்.

ஆகஸ்ட் 2

நாற்பது லிட்டர் அரைத்தேன். ஆடி வெள்ளி, கூழுக்கும் கேட்கிறார்கள்.

ஆகஸ்ட் 3, சனி

ஏஜென்டுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும், "நான் ரெண்டு தடவை கேட்டேனேம்மா" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு வழியும் இல்லையா என்றேன். சர்க்கார் அறிவித்த கண்காட்சியில் வைத்திருந்தால் ஏதோ ஒரு சலுகை உண்டாம். என் கடைப் பூஜைக்குச் சர்க்கார் அறிவிப்பு ஏது?

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. "கம்பெனில என்ன சொன்னாங்க?" என்றார். ஆடி முடியட்டும் என்றார்கள் என்றேன். அவர்தான் அந்தப் படத்தைப் போட்டார். யாரைக் கேட்டுப் போட்டார்?

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நான்தான் போடச் சொன்னேன்.

அவர் படத்தைத் தன் போனிலேயே வைத்துப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "நாலு பேரு பாக்கட்டுமுங்க, மாவு வியாபாரமாவது பெருகும்" என்று நான்தான் சொன்னேன். அவருக்குப் போடத் தெரியாமல் பிரதீபாவிடம் கேட்டுக் கேட்டுப் போட்டார். இப்போது உண்மையைச் சொன்னால் நான் சொன்னதை அவர் மறந்துவிடுவார். தன் கையால் போட்டதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருப்பார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நடைபாதையில் நின்றாரே, அந்த மனிதரிடம் போய், உங்கள் படத்தால்தான் போயிற்று என்று எப்படிச் சொல்வேன்?

அதனால் ஆடி முடியும்வரை ஆடி.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மீதி விசிட்டிங் கார்டுகளை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பதினான்கில் ஒன்பது பேர் எடுக்கவில்லை. மூன்று பேர் வெளியாள் பொருளைப் பார்ப்பதில்லை. ஒருவர் என்னை டீலர் ஆகச் சொன்னார். கடைசி ஆள் ஆவலாகக் கேட்டார், "நல்லாருக்கே மேடம், ஒரு வீடியோ அனுப்பி விடுங்க" என்றார். சிரித்துவிட்டேன். சிரிப்பு நிற்பதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று, கடைக்கு வந்த பெண் பயந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இடது கையால் எழுதிப் பார்க்கிறேன். சும்மா, பழகிக்கொள்ளலாம் என்று. ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகிறது. வலது கையில் கட்டை விரலிலிருந்து மூன்று விரலுக்குச் சூடு தெரியவில்லை. நேற்று கொதிக்கிற பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன், பிரதீபா கத்தியபிறகுதான் விட்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி ஒன்று. காலையில் இவர் எங்கேயோ போய் மைசூர்பாகு வாங்கி வந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். "இன்னிக்குக் கூப்புடுவாங்களா?" என்றார். வக்கீல் பார்க்கிறாராம் என்றேன். "வக்கீல்னா நேரமாவத்தான் செய்யும். பரவால்ல" என்றார். கணக்கு டீச்சர் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன்.

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஏசுவடியான் கூப்பிட்டார். இவர்தான் எடுத்து, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். அவர் என்ன ஆயிற்று என்று கேட்பதற்குள் இவரே, "அதெல்லாம் முடிஞ்ச மாதிரிதானுங்க. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான்" என்றார். எதிர்ப்பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாரோ என்று தோன்றியது.

பிறகு சொன்னார். மனைவியின் அண்ணன் உடன்குடியில் சிமென்ட் கடை வைத்திருக்கிறார், அங்கே வேலைக்கு வரச் சொல்லிப் பல வருடமாகக் கூப்பிடுகிறாராம். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், அதற்குமேல் வேறு ஆள் போட்டுவிடுவார். அடுத்த மாதம் சென்னையில் கண்காட்சி. இந்தத் தடவை தோள்பையோடு அலையாமல் சொந்தமாக ஸ்டால் எடுத்துப் பார்க்கலாமா, இல்லை எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டுச் சிமென்ட் கடைக்குப் போகலாமா என்று முழித்துக்கொண்டிருந்தாராம். "ஒங்களுக்கு நடந்துட்டுல்லா தங்கச்சி. இத ஸ்டெல்லாகிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க. நான் சொன்னா அவ நம்ப மாட்டா" என்று போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

ஸ்டெல்லாவை நான் பார்த்ததில்லை. களைத்துப்போன குரல்.

"யக்கா, நா சுத்தி வளைச்சுப் பேசல. ஒம்பது வருசமாச்சு. இவுக ஒவ்வொரு ஊருக்கும் போயிட்டு வந்து இந்தா நடக்கப் போவுதுன்னுதான் சொல்லுதாவ. நீங்களும் வீட்டு வேல பாக்க பொம்பளதான. நெசமாவே ஒங்களுக்குக் குடுத்தாவளா?"

இவர் சோற்றுக் கையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். போனை எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்கலாம். ஸ்பீக்கரை அணைத்திருக்கலாம். பிறகு கூப்பிடுகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம்.

"ஆமாங்க" என்றேன்.

"சத்தியமா?"

"ஆமாங்க. குடுத்துட்டாங்க."

"அப்பம் சரிக்கா. நா மறிக்கல. போயிட்டு வரட்டும். அண்ணங்கிட்ட வேற ஆளப் பாத்துக்கிடச் சொல்லிருதேன்" என்றாள்.

இவர் மீதி மைசூர்பாகை எடுத்து வந்து ஆளுக்கொன்று கொடுத்தார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

அவர் வேலைக்குப் போனபின் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நாளைக்குக் கண்டிப்பாக.

ஆகஸ்ட் 31, சனி

அரிசி நனைத்தேன். உளுந்து நனைத்தேன்.

மாதக் கடைசி முடிந்துவிட்டது.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கடை அரை நாள். பிரதீபா என்னை உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, "அம்மா, அந்த டாக்டர் சீட்ட நான் படிச்சுட்டேன். மாவு வேலைய விடலைன்னா கை நரம்பு போயிருமாமா" என்றாள். அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்றாள். எப்படியும் வருடக் கடைசியில் நிறுத்திவிடப் போகிறேன், கம்பெனி வரப்போகிறதே, இப்போது எதற்கு அவரைக் கலங்கடிப்பது என்றேன். அவள் நம்பினாள். என் வயிற்றில் பிறந்தவளே நம்பிவிட்டாள், எனக்குப் பொய் இவ்வளவு நன்றாக வரும் என்று இத்தனை நாள் தெரியாது.

அவளே இரண்டு கொழுக்கட்டை பிடித்தாள். எனக்கு ஓரத்தை ஒட்டி மூடவே வரவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

ஏசுவடியான் சென்னையிலிருந்து போட்டோ அனுப்பியிருக்கிறார். சொந்த ஸ்டால். பின்னால் அவர் பெயர் போட்ட பேனர், மேசைமேல் ஆறு குக்கர் வரிசையாக. புதுச்சட்டை மடிப்புக்கூடக் கலையவில்லை. ஓரத்தில் ஸ்டெல்லாவும் நிற்கிறாள், நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். சிரிக்கவில்லை, ஆனால் நேராக நிற்கிறாள்.

உடனே கூப்பிட்டேன். இன்றைக்குச் சொல்லிவிட்டால்கூட இரண்டு நாள் மிச்சம் என்று ஏதோ ஒரு கணக்கு. எடுத்தார். ஒரே இரைச்சல். "தங்கச்சி, ரெண்டு பேரு வந்து நிக்காவ. பொறவு பேசுதேன், என்னா" என்றார். குரலில் அவ்வளவு தெம்பு. வைத்துவிட்டார்.

போட்டோவுக்கு வாழ்த்துகள் என்று பதில் போட்டேன். இடது கையால்தான்.

செப்டம்பர் 21, சனி

கூப்பிடவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

கண்காட்சி இன்று மாலையோடு முடிகிறது. கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 25, புதன்

மதியம் இரண்டரை மணிக்குப் போன் அடித்தது. ஸ்டெல்லா பெயர். நான் இந்த டைரியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை அடிக்கும்போது பேருந்தை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்த இவர் வாசலிலிருந்து, "போன் அடிக்குதில்ல, எடு சாந்தா" என்றார்.

"மாவுக் கைங்க" என்றேன்.

கை கழுவி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.